மழை இல்லாத நாளில் ஜன்னலைச் சாத்தும் வகுப்பு

1

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கிற இறைச்சி ஆலையின் கேன்டீனில், ஒரு மத்தியானம், செத்துப்போன என் தங்கச்சி "ஏய், என்னா சத்தம் அங்க?" என்று அதட்டினாள். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர்களில் இரண்டு பேர் பிரேசில்காரர்கள், ஒருவன் போலந்துக்காரன், ஒருவர் இந்த ஊர்க் கிழவர். யாருக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் நிறுத்தினார்கள். போலந்துக்காரன் கடித்துக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். லூர்துவின் குரல் அப்படி. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல்.

என் செல்போனுக்கு வந்த வீடியோ அது. அனுப்பியவள் லூர்துவின் மகள் அமலி. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். நான் அவளுக்குத் தாய்மாமன். அம்மா செத்ததிலிருந்து நான் போன் பண்ணினால் எடுக்க மாட்டாள், எழுதினால் பதில் போட மாட்டாள். திடீரென்று இதை அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

வீடியோவில் லூர்து கரும்பலகையில் கணக்குப் போட்டாள். திரும்பினாள். "புரிஞ்சதா?" என்றாள். "புரிஞ்சது மிஸ்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ஏதோ சரியில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிள்ளைகளின் குரல் இரண்டாகக் கேட்டது. உள்ளே, தூரத்தில், ஒரு கூட்டம் மங்கலாகச் சொல்கிறது. அதே நொடியில், அதன் மேலேயே, இன்னொரு கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறது.

சுவரில் ஓடுகிற பழைய படத்தை யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்கள், செத்தவளுக்கு உயிரோடு இருக்கிற பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

நான் எழுதத் தெரிந்தவன் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுகிற பனி, பூ, ரயில் பயணம் எதுவும் என்னிடம் கிடையாது. மாட்டுத் தொடையில் எலும்பு எடுக்கிறவன் நான். கோபத்தில்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

2

லூர்து, திண்டுக்கல்லுக்கு மேற்கே செம்பட்டிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம். இங்கிலீஷ் வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. அதனால் இங்கிலீஷும் அவள் தலையில் விழுந்தது. காலையில் இங்கிலீஷ், மத்தியானம் கணக்கு. கணக்கு டீச்சர் இங்கிலீஷ் எடுத்தால் எப்படி இருக்கும்? வாய்ப்பாடு மாதிரிதான் இருக்கும். அவள் சொல்லுவாள், வகுப்பு ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லும்.

கொரோனா சமயத்தில் பாதிப் பிள்ளைகள் ஒரு நாளும் மீதிப் பாதி மறுநாளும் வந்தார்களே, அப்போது வீட்டில் இருக்கிற பாதிக்காக அவள் தன் பாடங்களைப் படம் எடுத்தாள். முன் பெஞ்சில் சாக்பீஸ் டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு வழக்கம்போலப் பாடம் நடத்துவாள். இங்கிலீஷ், கணக்கு, பத்தாம் வகுப்பு மொத்தமும் அப்படிப் படமாக ஏறியது.

போன வருடம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றாள். இந்த நாட்டில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள். என் தங்கச்சியின் அடக்கத்தை நான் செல்போனில் பார்த்தேன். நடுவில் இரண்டு தரம் படம் நின்று போனது.

அமலி அனுப்பிய அந்த வீடியோ வந்தது வருட நினைவுப் பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால். லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் தங்கையின் ஆனிவர்சரி என்று எழுதியிருந்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். ஜோடிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றார். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விளக்கப் போனால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் அவரை அடித்திருப்பேன்.

3

லூர்துவின் புருஷன் சேவியர் தனியார் பஸ்ஸில் டிரைவர். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, என்னைத் தனியாக வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"மச்சான், புள்ள பேச மாட்டேங்குது."

"எம்புட்டு நாளா?"

"அவ போனதுல இருந்து. சோறு போட்டா திங்கும். ஏதாச்சும் கேட்டா தலைய ஆட்டும். அம்புட்டுத்தான். இன்ன வரைக்கும் அழுகவும் இல்ல."

"ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனியா மாப்ள?"

"மதுரைக்கே கூட்டிப் போனேன். தொண்டையில ஒன்னுமில்லேன்டாக. பள்ளிக்கூடத்துல நல்லாப் பேசுதாம், கணீர்னு பதில் சொல்லுதாம்."

"அங்க பேசுதுல்ல. பொறவு என்ன?"

சேவியர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நா இதோட கூட்டாளி வாசல்ல நின்னு ஷீபா, ஷீபான்னு கூப்புடுது. யார்ரா ஷீபான்னு பாத்தா, நம்ம புள்ள எந்திரிச்சுப் போகுது. மறுநா நானும் வெளையாட்டுக்கு ஷீபான்னு கூப்புட்டேன் மச்சான். டக்குன்னு திரும்புச்சு. சிரிச்ச மொகமாத் திரும்புச்சு. அமலின்னா திரும்ப மாட்டேங்குது. அன்னைல இருந்து பெத்த மகளக் கூப்புடவே பயமா இருக்கு எனக்கு."

அமலி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் கழுவினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "அமலி" என்றேன். தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "தாயி, மாமா வந்திருக்கேன்" என்றேன். அடுத்த தட்டை எடுத்தாள். அந்த இன்னொரு பெயரைச் சொல்லிப் பார்க்க என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் பயம்தான்.

4

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். ஹெட்மாஸ்டர் என்னை வரவேற்று, காபி வாங்கிக் கொடுத்து, பெருமையாகப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளை அடித்துத் திரை மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அமலி முதல் பெஞ்சில் ஓரத்தில் இருந்தாள். வகுப்புத் தலைவன் லேப்டாப்பைத் தட்டினான்.

சுவரில் லூர்து வந்தாள். வகுப்பு எழுந்து நின்றது. "குட் மார்னிங் மிஸ்." லூர்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள்.

முதலில் இங்கிலீஷ். "ரிப்பீட் ஆஃப்டர் மி" என்றாள். அவள் ஒரு வரி சொல்ல, இவர்கள் ஒரு வரி சொன்னார்கள். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. மேசைக்குப் பின்னால் குனிந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவு நேரமும் சுவரில் வெறும் கரும்பலகைதான் தெரிந்தது. ஒரு பிள்ளை அசையவில்லை. டீச்சர் தண்ணீர் குடித்து முடிப்பதற்காக வகுப்பு காத்திருந்தது.

பிறகு கணக்கு. அதைப் படம் எடுத்த அன்று மழை போல. ஸ்பீக்கரில் ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம். வெளியே வெயில் பொசுக்கியது. "மழை உள்ள அடிக்கிது பாரு, சன்னலச் சாத்து" என்றாள் லூர்து. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து போய்ச் சாத்தினாள். வகுப்பு இருண்டது, புழுங்கியது. யாரும் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்த பையன் திடீரென்று காலை நடுவழியில் நீட்டினான். எதற்கு நீட்டுகிறான் என்று பார்த்தேன். "டேய் அருள்ராஜ், கால உள்ள வையி, யாரும் தடுக்கி விழுகவா?" என்றாள் லூர்து. பையன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "சாரி மிஸ்" என்றான்.

"ஓம் பேரு அருள்ராஜா?" என்று குனிந்து கேட்டேன்.

"இல்லண்ணே, தினேஷ். இந்த எடத்துல உக்காந்தா அருள்ராஜ்."

அதற்குள் லூர்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

"ஷீபா, எந்திரி. மைனஸையும் மைனஸையும் பெருக்குனா என்ன வரும்?"

அமலி எழுந்தாள். ஒரு வருடமாக நான் கேட்காத குரலில், கணீரென்று சொன்னாள். "மைனஸ் மிஸ்."

தப்பு. அது தப்பு என்று எனக்கே தெரியும். கணக்கு டீச்சர் மகளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். அந்தக் காலத்து ஷீபா தப்பாகச் சொன்னதால் இவளும் தப்பாகச் சொன்னாள்.

"இங்க வா" என்றாள் லூர்து.

அமலி பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். சுவரில் படம் முடிகிற ஓரத்தில், வெளிச்சம் தோளில் பட நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். சுவரில் லூர்துவின் கை நீண்டது. நீண்டு, படத்தின் விளிம்பைத் தாண்டி, இல்லாமல் போனது. கை போய்ச் சேருகிற இடத்தில் அமலியின் தலை இருந்தது.

அமலி கண்ணை மூடியிருந்தாள். லூர்து குனிந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். மழைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. பிறகு கை திரும்பி வந்தது. "போ, போயி உக்காரு." அமலி போய் உட்கார்ந்தாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

5

ஹெட்மாஸ்டரிடம் சத்தம் போட்டேன். அவர் என்னை விட மூத்தவர். அதையெல்லாம் பார்க்கவில்லை.

"செத்தவள வச்சுப் பாடம் நடத்துறீங்களே, உங்களுக்கெல்லாம் கூசலையா? ஒரு டீச்சரப் போட வக்கில்லையா?"

"எப்பிடித் தம்பி போடுறது? போஸ்ட் இன்னும் காலியாகல."

"எந்தங்கச்சியக் குழியில வச்சு மண்ணு தள்ளி வருசமாச்சு. இன்னும் எப்பிடி சார் காலியாகும்?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கல்வி ஆபீஸுக்குத் தெரியணுமே? ஃபைல் போயி ஒரு மேசையில ஒக்காந்திருக்கு. அது எறங்குற வரைக்கும் அவுங்க வேலையிலதான் இருக்காக. மேனேஜ்மென்ட்டுல டெம்ப்ரவரி போடலாம்னு விளம்பரம் குடுத்தோம். இங்க குடுக்குற சம்பளத்துக்குக் கணக்கு டீச்சர் எவன் வாரான்?"

"சரி, படத்தப் போடுங்க. இதுகள எந்திரிச்சு நடிக்கச் சொன்னது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை வாத்தியாராகப் பேசிக்கொண்டிருந்தவர் மனுசனாகப் பேசினார்.

"யாரும் சொல்லல அந்தோணி. போன வருசம் மொதத் தடவ போட்டப்ப, மிஸ் அருள்ராஜ்னு கூப்புட்டாக. யாரும் இல்ல. ஒடனே வகுப்பே அழுகுது. மறுநாளும் அழுகை. அதுக்கு மறுநா ஒரு பய எந்திரிச்சு சாரி மிஸ்னான். அழுகை நின்னு போச்சு. அப்பிடியே ஒவ்வொன்னா எந்திரிக்க ஆரம்பிச்சுச்சுக. இந்த வருசப் புள்ளைகளுக்கு அதுகதான் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சுக, யாரு எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும்னு. பரிச்சையிலயும் எல்லாம் பாஸு. நான் என்னத்தச் சொல்லி நிறுத்த?"

கோபம் மட்டும் இருந்தது. அது ஒன்றுக்கும் உதவாது என்றும் தெரிந்தது.

சாயங்காலம் அமலியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. நான் மட்டும் பேசிக்கொண்டே போனேன். திண்டுக்கல்லில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுகிறேன், ஹாஸ்டல் வேண்டாமென்றால் அப்பாவையும் டவுனுக்கு வரச் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. என்னையும் மீறிக் கத்திவிட்டேன்.

"அது வெறும் படம் தாயி! நீ எந்திரிக்காட்டி என்ன ஆயிரும்?"

அவள் நின்றாள். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரும் எந்திரிக்கலேன்னா மிஸ் சும்மா நிக்கிறாங்க மாமா. நம்மளையே பாத்துக்கிட்டு."

அவ்வளவுதான். அம்மா என்று சொல்லவில்லை. மிஸ் என்றாள்.

அன்று அயர்லாந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன். என் பொண்டாட்டி முதியோர் இல்லத்தில் நர்ஸ், அவள் வேலைக்குப் போயிருந்தாள். மகன் கெவின்தான் எடுத்தான். அவனும் அமலி வயதுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்ததால் அவனிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது அப்பா என்று இங்கிலீஷில் கேட்டான். அவனும் கணக்கை வீடியோவில்தான் படிக்கிறானாம். அதில் வருகிற ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அவனுக்குத் தெரியாதாம். தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதே இல்லையாம்.

"அவர் உன் பேரச் சொல்லிக் கூப்புடுவாரா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"கூப்புட்டா?"

"கம்ப்யூட்டரை மூடிவிடுவேன்" என்றான். அப்போதுதான் அவனும் பயப்படக்கூடியவன் என்று தெரிந்தது. பையன் அயர்லாந்து வந்து தமிழை விட்டான், பூசையை விட்டான், சோற்றை விட்டான் என்று நான் எத்தனையோ பேரிடம் புலம்பியிருக்கிறேன். அன்று அவனிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

6

ஷீபாவைத் தேடிப் போகலாம் என்று எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அந்தப் பெயருக்கு ஒரு சொந்தக்காரி இருப்பாள் அல்லவா? ஹெட்மாஸ்டரே சொன்னார். ஆத்தூர் பக்கம் தோட்டத்து வீடு, இப்போது திண்டுக்கல்லில் காலேஜ் படிக்கிறாள் என்று.

நான் போனபோது வாசலில் நின்று ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், வாய் ஓயாத பெண். லூர்து மிஸ்ஸின் அண்ணன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து நாற்காலி போட்டாள்.

"அடக்கத்துக்கு வந்திருந்தேன் சார். நீங்கதான வெளிநாட்டுல இருக்குறவுக? உங்களச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள இங்கிலீஷ் படிக்கச் சொல்லுவாக மிஸ்ஸு."

விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவளுக்கு அது தலையில் ஏறவில்லை.

"இருங்க, இருங்க. அந்த மைனஸ் வீடியோ இன்னமும் ஓடுதா?"

"ஓடுது."

"ஐயையோ! நான் தப்புச் சொன்னது?"

"ரெண்டு வருசத்துப் புள்ளைகளுக்கும் மனப்பாடம்."

"மானம் போச்சு! சார், நான் இப்ப மேத்ஸ் மேஜர். காலேஜுல இது தெரிஞ்சா என்னய ஓட்டியே கொன்னுருவாளுக." உள்ளே திரும்பி, "அம்மா, கேட்டியா கூத்த!" என்று கத்தினாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "எந்தப் பாவி சார் எம் பேருல எந்திரிக்கிறது?"

"மிஸ்ஸோட மக."

சிரிப்பு நின்றது.

"அமலியா? அது நல்லாப் படிக்குமே. மிஸ் பேப்பர் திருத்துறப்ப ஏழாப்பு படிக்கையிலயே எங்க கணக்கப் போடுமே."

"இப்ப அது அமலி இல்லம்மா. வீட்டுல அப்பன் அமலின்னு கூப்புட்டா திரும்புறதில்ல. ஷீபான்னாத்தான் திரும்புது. வேற யாருகூடயும் பேச்சே இல்ல."

அவள் ஸ்கூட்டியைப் பார்த்தாள். துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் எனக்குக் கிளாஸ் இல்ல. வாரேன்" என்றாள். "பாடமும் எடுக்குறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த வீடியோவ ஒருக்கா நான் பாக்கணும்."

7

இப்போது ஷீபா மத்தியானம் காலேஜில் கிளாஸ் இல்லாத நாட்களில் வந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் இங்கிலீஷும் எடுக்கிறாள். ஆபீஸ் மேசையில் இருக்கிற ஃபைல் இன்னும் இறங்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொல்ல வேண்டியது அவள் வந்த முதல் நாளைப் பற்றித்தான். அதற்குப் பிறகு எழுத எனக்கு எதுவும் இல்லை.

பழைய மாணவி ஒருவர் வந்திருக்கிறார் என்று மட்டும் ஹெட்மாஸ்டர் வகுப்பில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ஷீபா என் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று லேப்டாப்பை ஹெட்மாஸ்டரே எடுத்துக்கொண்டார். லூர்து வந்தாள். வகுப்பு எழுந்தபோது ஷீபாவும் எழுந்தாள். அவளை அறியாமல் எழுந்தாள் என்று நினைக்கிறேன். மழை பெய்தது. ஜன்னலைச் சாத்தினார்கள். தினேஷ் காலை நீட்டினான், திட்டு வாங்கினான், இழுத்துக்கொண்டான். ஷீபா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷீபா, எந்திரி."

முன்னால் ஒருத்தி எழுந்தாள். பின்னால் ஒருத்தி எழுந்தாள்.

"மைனஸையும் மைனஸையும் பெருக்குனா என்ன வரும்?"

"மைனஸ் மிஸ்."

இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது. வகுப்பு மொத்தமும் திரும்பிப் பின்னால் பார்த்தது. அமலி மட்டும் திரும்பவில்லை. அவள் வழக்கம்போல வெளியே வந்து சுவரோரம் போய் நின்று, தலையைச் சாய்த்தாள். லூர்துவின் கை நீண்டு, விளிம்பைத் தாண்டியது.

"சார், நிறுத்துங்க" என்று ஷீபா சத்தமாகச் சொன்னாள்.

ஹெட்மாஸ்டர் எதையோ அழுத்தினார். மழை நின்றது. சுவரில் லூர்து கையை நீட்டியபடி, பாதிச் சிரிப்போடு, அப்படியே நின்றாள். மணிக்கட்டுக்கு அப்பால் கை இல்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஷீபா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனாள். அமலிக்கு எதிரில் நின்றாள்.

"நான்தான் ஷீபா" என்றாள்.

அமலி கண்ணைத் திறந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் பகை இருந்தது. இடத்தைப் பறிக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரி.

"இந்த எடத்துல மிஸ் என்ன செஞ்சாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

அமலி தன் கையைத் தூக்கி, தன் தலையையே மெதுவாகத் தடவிக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வேறு எப்படி நினைப்போம்?

"தடவுனாங்களா? யாரு, ஓங்கம்மாவா?" என்றாள் ஷீபா. "காதப் பிடிச்சுத் திருகுனாங்கடி! ரெண்டு நாளா செவந்து கெடந்துச்சு. திருகிக்கிட்டே என்ன சொன்னாங்க தெரியுமா? அடுத்த தடவ மைனஸ்னு சொன்னா இந்தக் காது ஓம் மண்டையில இருக்காதுன்னாங்க."

எங்கேயோ ஒரு பையன் பொக்கென்று சிரித்தான். பிறகு இன்னொருவன். சிரிக்கச் சொல்லி யாரும் சொல்லாத இடத்தில் அந்த வகுப்பு சிரித்தது. அமலி சிரிக்கவில்லை.

"நெசமாவா?" என்றாள். இது அந்தக் கணீர்க் குரல் இல்லை. துருப்பிடித்த, சின்னக் குரல்.

"சத்தியமா."

"எப்பிடி?"

ஷீபா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அமலியின் காதைப் பிடித்து, நன்றாக ஒரு திருகு திருகினாள். பாவம் பார்க்கவில்லை.

"அம்மா!" என்று கத்தினாள் அமலி.

வலித்தால் எல்லோரும் அப்படித்தான் கத்துகிறோம். ஆனால் கத்திய பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "அம்மா, அம்மா" என்று காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூக்கு ஒழுக, வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ஷீபாவும் அழுதாள். அழுதுகொண்டே அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஷீபா நானு. நீ யாரு? சொல்லு, ஓம் பேரென்ன?"

"அமலி."

"கேக்கல."

"அமலி! விடுங்கக்கா, காது வலிக்குது."

ஹெட்மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பட்டதோ, வேண்டுமென்றே செய்தாரோ, படம் மறுபடி ஓட ஆரம்பித்தது. மழை கொட்டியது. லூர்துவின் கை வெளியே இருந்து திரும்பி வந்தது.

"போ, போயி உக்காரு" என்றாள் லூர்து.

இரண்டு பேரும் உட்காரவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சுவரோரத்திலேயே நின்றார்கள். லூர்து திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள்.